ஊமைப் படம் பேசத் தொடங்கிய காலத்துத் திரில்லர்கள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1927 முதல் 1933 வரையிலான ஆறேழு ஆண்டுகளில் வந்த மர்மப் படங்களையும் குற்றப் படங்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு ஏதோ ஒன்றைத் தேடிப் போட்டு, பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டவர்கள் பலர். நடிப்பு மிகையாக இருக்கிறது, வசனத்தை இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், ஒலி கரகரக்கிறது, கேமரா நட்டு வைத்த இடத்தைவிட்டு நகர மறுக்கிறது என்பவை அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள். அவற்றில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, எந்தப் படத்தில் தொடங்குவது, எந்தப் பிரதியை எடுப்பது, எதைக் கவனிப்பது என்று யாரும் எடுத்துச் சொல்லாததால் வருவது.

இந்தக் கட்டுரை நான்கு படங்களை ஒரு வரிசையில் பார்க்கச் சொல்கிறது. அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒலி வந்த புதிதில் பெரும்பாலான இயக்குநர்கள் அதை நடிகர்களின் வாயில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பேசுகிறவரைக் காட்டினார்கள், பேசுவதைக் கேட்க வைத்தார்கள், அதோடு சரி. திரில்லர் எடுத்தவர்களில் இரண்டு பேர், இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங்கும், அந்த ஒட்டைப் பிரித்தெடுத்தால்தான் பயம் பிறக்கும் என்று கண்டுகொண்டார்கள். கேட்பது ஒன்று, காண்பது வேறொன்று என்று ஆகும்போது பார்ப்பவரின் மனம் இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. அப்படி நிரப்பப்படுவது எந்த இயக்குநர் காட்டுவதையும்விடக் கொடியதாக இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் 'தி ஜாஸ் சிங்கர்' 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்டதிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். அது முழுமையான பேசும் படம் அன்று. பாட்டும் சில இடங்களில் பேச்சும் மட்டுமே ஒலித்தன, மற்ற இடங்களில் ஊமைப் படங்களைப் போல எழுத்து அட்டைகளே கதையைச் சொல்லின. முழுக்க முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம் அடுத்த ஆண்டு, 1928இல், அதே நிறுவனம் வெளியிட்ட 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. அது ஒரு குற்றப் படம் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். ஆனால் அதை முழுதாகப் பார்க்கும்படி யாரையும் வற்புறுத்த மாட்டேன். முதல் பத்து நிமிடம் பார்த்தால் போதும்; மைக் எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அதைச் சுற்றி ஆட்கள் கூடி நின்று, ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் என்று நிதானமாகப் பேசுவதைக் கண்ணால் காணலாம்.

அப்படி நின்று பேசியதற்குக் காரணம் கருவிகள். அக்காலக் கேமரா ஓடும்போது பெரும் இரைச்சல் போடும்; அந்த இரைச்சல் மைக்கில் விழாமல் இருக்கக் கேமராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். கூண்டோடு கேமராவை ஓட்டிச் செல்ல முடியாது. வார்னர் நிறுவனம் பயன்படுத்திய வைட்டஃபோன் முறையில் ஒலி 16 அங்குல இசைத்தட்டில் பதிந்தது; ஒரு ரீல் ஓடும் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கு ஒரு தட்டு. ஃபிலிமை வெட்டி ஒட்டலாம், தட்டை வெட்ட முடியாது. தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைப் பின்னால் சேர்த்துக் கலக்கும் வசதியும் அப்போது மிகக் குறைவு என்பதால் பேச்சு, இசை, கதவுச் சத்தம் எல்லாம் படப்பிடிப்பின்போதே ஒன்றாகப் பதிவாக வேண்டியிருந்தது. ஊமைப் படத்தின் கடைசி ஆண்டுகளில் தங்குதடையின்றிப் பறந்துகொண்டிருந்த கேமரா ஒரே ஆண்டில் முடங்கிப்போனது இப்படித்தான். ஆகவே 1929ஆம் ஆண்டுப் படத்தில் கேமரா அசைந்தாலோ, ஆளைக் காட்டாமல் அவர் குரலை மட்டும் கேட்க வைத்தாலோ, அது பெரிய போராட்டத்துக்குப் பின் கிடைத்தது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரதி?

பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் பல வேளைகளில் பார்த்தது மோசமான பிரதியைத்தான். மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

முதலாவது வேகம். ஊமைப் படங்களுக்கு நிலையான வேகம் கிடையாது. நொடிக்கு 16 ஃபிரேமிலிருந்து 24 வரை, சில சமயம் அதற்கு மேலும், படத்துக்குப் படம் மாறும். ஒலி வந்த பிறகுதான் 24 ஃபிரேம் என்பது நிலைபெற்றது, ஏனென்றால் வேகம் மாறினால் குரலும் மாறிவிடும். மெதுவாக எடுக்கப்பட்ட ஊமைப் படத்தை 24இல் ஓட்டினால் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். பயமுறுத்த வேண்டிய காட்சி சிரிப்புக்காட்சி ஆவது அங்கேதான். துள்ளல் தெரிந்தால் அந்தப் பிரதியை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

இரண்டாவது சட்டகத்தின் அளவு. ஃபிலிமிலேயே ஒலியைப் பதிக்கும் முறையில், ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட்டதால் படத்தின் அகலம் குறைந்து, ஏறக்குறைய சதுரமாக, 1.19க்கு 1 என்ற விகிதத்தில் ஆனது. திரையின் இரு பக்கமும் கருப்புப் பட்டை இருந்தால் அது குறையில்லை; அதுதான் சரியான பிரதி. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிய பிரதிகளில் நெற்றி பாதி காணாமல் போயிருக்கும்.

மூன்றாவது ஒலி. ஊமைப் படங்களுக்கு இன்று சேர்க்கப்படும் இசை பிரதிக்குப் பிரதி வேறுபடும், அது அசலின் பகுதி அன்று. பிடிக்கவில்லை என்றால் ஒலியை நிறுத்திவிட்டே பார்க்கலாம். பேசும் படங்களுக்கோ நல்ல ஹெட்போன் வேண்டும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் இப்படங்களைப் பார்ப்பது பாதிப் படத்தைப் பார்ப்பதுதான். லாங்கின் படங்களை ஜெர்மன் மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். அக்காலத்தில் வேற்று நாடுகளுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தனி வடிவங்கள் தயாரிக்கும் வழக்கம் இருந்ததால், ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் கைக்குக் கிடைக்கும்.

முதல் படம்: கேட்காத காலடி

தொடக்கம் ஓர் ஊமைப் படத்தில் இருக்கட்டும். ஹிட்ச்காக்கின் 'தி லாட்ஜர்' 1927இல் வெளிவந்தது. லண்டன் பனிமூட்டத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் பொன்னிறக் கூந்தல் பெண்களைக் கொல்லும் ஒருவனை ஊரே தேடிக்கொண்டிருக்கும்போது, முகத்தின் பாதியைத் துணியால் மறைத்த ஓர் ஆள் ஒரு வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறான். அவன்தானா இவன் என்பதுதான் படம்.

இதில் தவறவிடக்கூடாத காட்சி ஒன்று உண்டு. கீழே இருப்பவர்கள் திடீரென்று தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கிறார்கள். தொங்கும் விளக்கு லேசாக ஆடுகிறது. பிறகு கூரையே கண்ணாடி போல் ஆகி, மேலே அங்குமிங்கும் நடக்கும் அந்த ஆளின் பாதங்களைக் கீழேயிருந்து பார்க்கிறோம். தடித்த கண்ணாடித் தளத்தின் மீது நடிகரை நடக்க வைத்து அடியிலிருந்து எடுத்த காட்சி இது. காலடி ஓசையைக் கேட்க வைக்க வழியில்லாத ஒருவர் அந்த ஓசையைக் கண்ணுக்குக் காட்டுகிறார். பேசும் படத்தில் இந்தக் காட்சிக்கே வேலையில்லை. தட் தட் என்று இரண்டு ஒலி போட்டால் முடிந்தது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, இரண்டில் எது அதிகமாகப் பயமுறுத்தும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஊமைப் படக் கலைஞர்கள் ஒலியை ஏன் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பது அப்போது புரியும்.

2012இல் புதுப்பிக்கப்பட்ட பிரதிக்கு நிதின் சாஹ்னி இசையமைத்திருக்கிறார். வாத்திய இசை நன்றாகவே இருக்கிறது. நடுவில் பாட்டுக் குரல்கள் வரும் இடங்கள் எனக்கு ஒட்டவில்லை. அங்கு மட்டும் ஒலியைக் குறைத்துக்கொண்டு பார்க்கலாம்.

இரண்டாம் படம்: ஒரே கதை, இரண்டு வடிவம்

அடுத்தது 1929இல் வந்த 'பிளாக்மெயில்'. இந்தக் காலகட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் இதே படம் ஊமையாகவும் இருக்கிறது, பேசவும் பேசுகிறது. லண்டனுக்கு அருகே உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் ஊமைப் படமாகத் தொடங்கியதைப் பாதியில் பேசும் படமாக்க முடிவு செய்து, சில காட்சிகளைத் திரும்ப எடுத்து, சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒலிக்கருவி பொருத்தாத திரையரங்குகள் அப்போது ஏராளம் என்பதால் ஊமை வடிவமும் தனியாக வெளியானது. இரண்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஊமை வடிவத்தை முதலில் பாருங்கள். இரண்டு நாள் கழித்துப் பேசும் வடிவத்தைப் பாருங்கள். கதை தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், இங்கே கதை எளியது. கடைக்காரர் மகள் ஆலிஸ், தன் காதலனான துப்பறியும் போலீஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓர் ஓவியனோடு அவன் அறைக்குப் போகிறாள். அவன் அவளைப் பலவந்தப்படுத்த முயல, கைக்கு எட்டிய ரொட்டிக் கத்தியால் அவனைக் கொன்றுவிடுகிறாள். காதலனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. இன்னொருவனுக்கும் தெரிந்துவிடுகிறது, அவன் பணம் பறிக்க வருகிறான்.

பேசும் வடிவத்தில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், படம் பேசாமலே தொடங்குவது. போலீஸ் வண்டி விரைகிறது, படுக்கையில் இருக்கும் ஒருவனைப் பிடிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள். எல்லாம் ஊமைப் படமாக எடுத்ததே, மேலே இசை மட்டும் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு வரும் பேச்சுக் காட்சிகளில் வேகம் சட்டென்று இறங்குவது உங்களுக்கே தெரியும். நான் மேலே சொன்ன தடை எப்படி இருக்கும் என்பதை ஒரே படத்துக்குள் அருகருகே வைத்துப் பார்க்க இது வாய்ப்பு.

இரண்டாவது விஷயம் கதாநாயகியின் குரல். ஆலிஸாக நடித்த ஆனி ஓந்த்ரா செக் நாட்டவர். லண்டன் கடைக்காரர் மகளுக்கு அவருடைய உச்சரிப்பு பொருந்தாது. பின்குரல் சேர்க்கும் வசதி இல்லாத காலம். ஆகவே ஜோன் பாரி என்ற நடிகை சட்டகத்துக்கு வெளியே மைக் முன் நின்று வசனத்தைப் பேச, ஓந்த்ரா கேமராவுக்கு முன் உதட்டை மட்டும் அசைத்தார். உதட்டுக்கும் குரலுக்கும் இடையே ஒரு நூலிழை விலகல் தெரியும். அந்தக் குரல் கடைக்காரர் மகளின் குரலை விடவும் கொஞ்சம் மேட்டிமையாகவே ஒலிக்கும். இதைக் குறையென்று சொல்லலாம். கொலைக்குப் பிறகு தன் உடம்போடு தானே ஒட்டாமல் திரியும் பெண்ணுக்கு அந்த விலகல் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஹிட்ச்காக் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்த இரவு முழுவதும் ஆலிஸ் லண்டன் தெருக்களில் நடக்கிறாள். விளம்பரப் பலகையில் மின்விளக்கால் வரைந்த மதுக்கலக்கி (காக்டெய்ல் குலுக்கும் குவளை) அவள் கண்ணுக்குக் குத்தும் கத்தியாக மாறுகிறது. இது ஊமைப் பட உத்தி. பிறகு தெருவோரம் படுத்திருக்கும் ஒருவனின் நீண்ட கை, செத்தவனின் கையைப் போல் அவளுக்குத் தெரிகிறது. ஓர் அலறல் எழுகிறது. அடுத்த ஷாட்டில் பிணத்தைக் கண்டு அலறுபவள் ஓவியனின் வீட்டுக்காரி. ஓர் அலறல் ஒருத்தியிடம் தொடங்கி இன்னொருத்தியிடம் முடிகிறது. ஒலியை வைத்து இரண்டு இடங்களைத் தைப்பது இன்று எல்லாப் படத்திலும் நடக்கிறது. 1929இல் அப்படிச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், இவ்வளவு கச்சிதமாகச் செய்தவர்கள் மிகக் குறைவு.

மறுநாள் காலை. ஆலிஸ் வீட்டாரோடு காலை உணவு மேசையில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நடுவழியில் நின்றுகொண்டு கொலையைப் பற்றிப் பேசித் தீர்க்கிறாள். கேமரா ஆலிஸின் முகத்தில் நிற்கிறது. பேச்சு மெல்லத் தேய்ந்து, பொருள் புரியாத முணுமுணுப்பாகி, அதில் 'கத்தி' என்ற ஒரே சொல் மட்டும் தெளிவாக மேலே வருகிறது. கத்தி, மறுபடி கத்தி. ரொட்டியை வெட்டச் சொல்கிறார் அப்பா; அந்தச் சொல்லின் கூர்மையில் அவள் கையிலிருந்த கத்தி எகிறிப் பறக்கிறது. இந்தக் காட்சியை மூன்று முறை பார்ப்பது பயிற்சி. ஒரு முறை வழக்கம்போல். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு. ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டு. கண்ணை மூடினால் ஏதோ ஒலிப்பதிவில் கோளாறு என்றே தோன்றும். ஒலியை நிறுத்தினால் ஒரு பெண் கலவரமாக உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். இரண்டும் சேரும்போதுதான் நாம் கேட்பது பக்கத்து வீட்டுக்காரி பேசுவதை அல்ல, ஆலிஸின் காதில் விழுவதை என்று உறைக்கிறது. அதற்குப் பிறகு கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் மணியோசை தேவைக்கு மேல் நீண்டு ஒலிப்பதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இறுதியில் வரும் பிரிட்டிஷ் மியூசியத் துரத்தல், ஊமை வடிவத்திலும் பேசும் வடிவத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே படமெடுக்கப் போதிய வெளிச்சம் இல்லாததால், கண்ணாடியையும் புகைப்படங்களையும் வைத்து ஷூஃப்டான் என்ற முறையில் மியூசியத்தின் உட்புறத்தை ஸ்டூடியோவில் உண்டாக்கினார்கள். பார்த்து ரசித்துவிட்டு நகரலாம்.

மூன்றாம் படம்: 'எம்'

ஒரே ஒரு படத்துக்குத்தான் பொறுமை இருக்கிறது என்பவர்கள் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள். லாங் 1931இல் எடுத்த இந்தப் படம் மே 11 அன்று பெர்லினில் திரையிடப்பட்டது. அவருடைய முதல் பேசும் படம் இது. குழந்தைகளைக் கொல்பவன் ஒருவன் நகரில் உலவுகிறான். போலீஸ் சோதனைமேல் சோதனையாக நடத்துவதால் தொழில் கெட்டுப்போன திருடர்கள், தாங்களே அவனைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். சுருக்கப்பட்ட பிரதிகளும், மறுவெளியீட்டின்போது அசலில் இல்லாத ஒலிகள் சேர்க்கப்பட்ட பிரதிகளும் உலவியிருக்கின்றன. ஏறத்தாழ 110 நிமிடம் ஓடும் புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள்.

நம் படங்களில் எங்கே பயப்பட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்பதைப் பின்னணி இசை முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்குப் பழகிய காதோடு 'எம்' பார்க்க உட்காருபவர்கள் முதலில் தடுமாறுவார்கள். இதில் பின்னணி இசையே கிடையாது. சில இடங்களில் ஒலியே கிடையாது. தெருவில் போலீஸார் திரள்கிறார்கள், காலடி கேட்காது, மூச்சு கேட்காது. ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று பார்க்காதீர்கள், ஒலியைக் கூட்டவும் கூட்டாதீர்கள். அடுத்த நொடி ஒரு விசில் கிளம்பும்போது கூட்டியதற்கு வருந்துவீர்கள்.

தொடக்கத்தின் முதல் எட்டு நிமிடங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் வட்டமாக நின்று, கோடரியோடு வருபவனைப் பற்றி ஒரு விளையாட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். துணி துவைக்கும் ஒரு தாய், மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் பார்த்து மேசையில் தட்டு வைக்கிறாள். கடிகாரக் குயில் கூவுகிறது. வேறொரு தெருவில் அந்தச் சிறுமி எல்சி, ஒரு விளம்பரத் தூணின் மேல் பந்தை அடித்துக்கொண்டு நிற்கிறாள். தூணில், கொலைகாரனைப் பிடித்துத் தருவோருக்கு 10,000 மார்க் பரிசு என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதன் மேல் தொப்பி அணிந்த ஒரு நிழல் விழுந்து, பந்து அழகாக இருக்கிறதே, உன் பெயர் என்ன என்று கேட்கிறது. ஆள் இல்லை, குரலும் நிழலும் மட்டும்.

பிறகு தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் குரல் கேட்டுக்கொண்டிருக்க, நாம் பார்ப்பது வேறு: யாருமில்லாத மாடிப்படிச் சுழல், துணி காயும் வெறும் பரண், மேசையில் யாரும் உட்காராத இடத்தில் தட்டும் கரண்டியும். குரல் ஓய்கிறது. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. சிறுமிக்கு அவன் வாங்கித் தந்த பலூன் தந்திக் கம்பியில் சிக்கி, அசைந்து, விடுபட்டுப் போகிறது. கொலை முடிந்துவிட்டது, ஒரு துளி ரத்தம் காட்டப்படவில்லை, ஓர் அலறல் கேட்கவில்லை. இந்தப் பகுதியில் உங்கள் வேலை ஒன்றே: ஒவ்வொரு ஷாட்டிலும் கேட்கும் ஒலிக்கு உரிய பொருள் சட்டகத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை வெளியே இருக்கும்.

சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்ஸாண்ட்ரோவ் மூவரும் 1928இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒலியைக் காட்சியோடு பொருந்த வைப்பது படத்தொகுப்புக் கலையைக் கொன்றுவிடும், இரண்டையும் மோத விட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் கோட்பாடாக எழுதியதற்கு ஒரு தாயின் கூப்பாட்டில் உரை எழுதியிருக்கிறார் லாங்.

அடுத்தது அந்தச் சீட்டி. கொலைகாரன் பெக்கர்ட்டாக வரும் பீட்டர் லோரே, வெறி கிளம்பும்போது க்ரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் 'பியர் கிந்த்' இசையிலிருந்து ஒரு மெட்டைச் சீட்டியடிப்பான். லோரேவுக்குச் சீட்டியடிக்க வராததால் லாங்கே அடித்தார் என்று சொல்லப்படுவது உண்டு. அவன் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அந்த மெட்டு நமக்குப் பழகிவிடுகிறது. பிறகு கடைச் சன்னலில் ஒரு சிறுமியின் பிம்பத்தைப் பார்த்து அவன் நிற்கும்போது, முகபாவத்தைவிடச் சீட்டிதான் நடக்கப்போவதைச் சொல்கிறது. கடைசியில் அவனைக் காட்டிக்கொடுப்பதும் கண்பார்வையுள்ள யாரும் அல்ல. எல்சிக்குப் பலூன் விற்ற பார்வையற்ற முதியவர் அந்த மெட்டைக் கேட்டு அடையாளம் காண்கிறார். அதற்குப் பிறகு அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பரணில் ஒளிந்துகொண்டு, பூட்டைத் திறக்க எதையோ தட்டும் ஓசைதான் தேடி வந்தவர்களின் காதுக்கு எட்டுகிறது. ஒலியால் அறிமுகமாகி, ஒலியால் அடையாளம் காணப்பட்டு, ஒலியால் பிடிபடுகிறான். இப்படியொரு கதையை ஊமைப் படமாக எடுத்திருக்கவே முடியாது. இந்தக் காலகட்டத்துப் படங்களில் 'எம்' முதலிடத்தில் நிற்பதற்கு என் கணக்கில் இதுவே காரணம்.

நடுப்பகுதி நீளம் என்று சிலருக்குத் தோன்றும். போலீஸ் அதிகாரிகளின் கூட்டத்தையும் திருடர் தலைவர்களின் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் அந்த இடத்தில், ஒருவர் தொடங்கும் சைகையையோ வாக்கியத்தையோ அடுத்த கூட்டத்தில் இருப்பவர் தொடர்வதைக் கவனித்தால் அலுப்புத் தட்டாது. சுருட்டுப் புகை இரண்டு அறையிலும் ஒரே அளவுக்கு மூடியிருப்பது ஒரு குறும்பு. முடிவில் திருடர்கள் நடத்தும் விசாரணையில் லோரே பேசும் நீண்ட பேச்சைச் சப்டைட்டிலை நம்பி மட்டும் பார்க்காதீர்கள். ஒரு தடவை எழுத்தைப் படியுங்கள், மறுதடவை எழுத்தை மறைத்துவிட்டு அந்தக் குரல் ஏறி இறங்குவதை மட்டும் கேளுங்கள்.

நான்காம் படம்: உடம்பில்லாத குரல்

லாங்கின் 'டாக்டர் மபூஸேயின் உயில்' 1933இல் எடுத்து முடித்ததும் நாஜி அரசால் ஜெர்மனியில் தடை செய்யப்பட்டது. 'எம்' படத்தில் பார்த்த இன்ஸ்பெக்டர் லோமான் இதிலும் வருகிறார், அதே நடிகர் ஓட்டோ வெர்னிக்கே. இதன் கதை சற்றுச் சுற்றி வளைக்கும். முதல் முறை எல்லாம் புரியவில்லை என்றால் பாதகமில்லை.

தொடக்கத்தில் ஒருவன் ஓர் அறையில் ஒளிந்திருக்கிறான். எங்கோ ஓடும் பெரிய இயந்திரம் அறையையே அதிர வைக்கிறது. ஆட்கள் வந்து பேசுகிறார்கள், வாயசைவு தெரிகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேசும் படத்தில் ஊமைப் படக் காட்சி ஒன்றை, ஒலியை மிகையாக்கியே உண்டாக்கியிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் சிவப்பு விளக்கில் கார்கள் நிற்கின்றன, எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. பச்சை விழுந்து எல்லாக் கார்களும் நகர, ஒரு கார் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. திரைக்குப் பின்னால் இருந்து கட்டளையிடும் தலைவனைப் பற்றி இங்கே எதையும் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. அந்தத் திரை விலகும்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள், பிறகு 'தி லாட்ஜர்' கண்ணாடிக் கூரையை ஒரு தரம் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

பார்க்கும்போது எதைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்க வேண்டாம்

மேடைப் பழக்கம் மாறாத நடிப்பு, முக்கியமில்லாத வசனத்துக்கு நடுவே நீளும் இடைவெளி, பின்னணியில் இடைவிடாத இரைச்சல் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். அக்காலத்தவர் பெண்களையும் அயலாரையும் காட்டிய விதத்தை அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 'பிளாக்மெயில்' படத்தில் ஆலிஸுக்கு நேர்ந்ததைப் படமே எவ்வளவு தூரம் புரிந்துகொள்கிறது, எந்த இடத்தில் அவளைக் கைவிட்டு ஆண்களின் பக்கம் சாய்கிறது என்று கேட்டுக்கொண்டே பார்ப்பதால் ரசனை குறையாது. ஆண்கள் சிரிக்க, அவள் சிரிக்க முடியாமல் நிற்கும் கடைசிக் காட்சியை அந்தக் கேள்வியோடு பார்த்தால் படம் வேறு படமாகத் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு படங்கள் வேண்டாம். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவும் வேண்டாம். ஊமைப் படத்தில் அரை நிமிடம் கண்ணை எடுத்தால் கதை போய்விடும், லாங்கின் படத்தில் காதை எடுத்தாலும் போய்விடும்.

இதற்குப் பிறகு

நான்கும் முடிந்தபின் முழுப் படமாக அல்லாமல் தனிக் காட்சிகளாகச் சிலவற்றைத் தேடலாம். ஹிட்ச்காக்கின் 'மர்டர்!' 1930இல் வந்தது. அதில் ஹெர்பர்ட் மார்ஷல் கண்ணாடி முன் முகச்சவரம் செய்யும்போது வானொலியில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை ஒலிக்க, அவர் மனதுக்குள் நினைப்பதும் நமக்குக் கேட்கிறது. ஒலியைப் பின்னால் கலக்க முடியாததால், அந்த இசைக்காக முப்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவைப் படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார வைத்ததாக ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ரூபன் மமூலியன் 1931இல் 'சிட்டி ஸ்ட்ரீட்ஸ்' படத்தில் சிறையில் இருக்கும் பெண்ணின் முகத்தின் மேல் அவள் நினைவில் உள்ள குரல்களை ஒலிக்க விட்டார். அதே ஆண்டு வந்த வில்லியம் வெல்மனின் 'தி பப்ளிக் எனிமி' படத்தில் பியானோ வாசிப்பவன் சுடப்படும்போது கேமரா அவனை விட்டு விலகி, வாசலருகே நிற்கும், சுடுபவனின் நண்பனின் முகத்துக்குப் போய்விடும். வெடிச் சத்தமும் தாறுமாறாக விழும் பியானோ ஒலியும்தான் மீதியைச் சொல்லும். ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஸ்கார்ஃபேஸ்' 1932இல் வந்தது. அதிலும் கொலைகாரன் ஓர் ஓபரா மெட்டைச் சீட்டியடிப்பான். பெக்கர்ட்டின் சீட்டி அடக்க முடியாத வெறி கிளம்புவதைச் சொல்கிறது, இவனுடையது வேலைக்குக் கிளம்பும் ஒருவனின் உற்சாகம். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே பிடிபடும்.